அமெரிக்கக் காட்டு முகாம் தளங்களின் வரலாறு

காடு, ஏரிக்கரை, மலைச்சரிவு போன்ற இடங்களில் பயணிகள் கூடாரம் அடித்து இரவு தங்குவதற்கென ஒதுக்கப்பட்ட இடம் முகாம் தளம் எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காட்டுப் பூங்காக்களுக்குப் புறப்படும் குடும்பம் பல செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது. பல பூங்காக்களில் எண்ணிடப்பட்ட ஓர் இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும். காரை அதற்கென அமைக்கப்பட்ட இடத்தில் மட்டுமே நிறுத்த வேண்டும். தீயை நிலையான அடுப்பில் மட்டுமே மூட்ட வேண்டும். கரடிகள் வாழும் பகுதிகளில் உணவை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். முதல் பார்வைக்கு இவை வெறும் கெடுபிடிகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை காடு அடைந்த சேதத்திலிருந்தோ மனிதர் அடைந்த இழப்பிலிருந்தோ பிறந்தவை.

தொடக்கம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் காட்டில் இரவு தங்கியவர்கள் பெரும்பாலும் பழங்குடியினர், வேட்டைக்காரர்கள், மரம் வெட்டுவோர், படைவீரர்கள் ஆகியோரே. பொழுதுபோக்குக்காகக் கூடாரம் அடிக்கும் வழக்கம் பரவ ஒரு நூல் பெரும் காரணமாக அமைந்தது. பாஸ்டன் நகரப் போதகரான வில்லியம் எச். எச். முர்ரே, நியூயார்க் மாநிலத்தின் அடிரண்டாக் மலைக்காடுகளைப் பற்றி 1869இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கு செல்லும் வழி, எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்கள், ஆகும் செலவு ஆகியவற்றை அவர் எளிமையாக விளக்கியிருந்தார். அதைப் படித்த நகரவாசிகள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குச் சென்றனர். போதிய முன்னேற்பாடு இன்றிச் சென்ற பலர் மழையிலும் பூச்சிக்கடியிலும் அவதிப்பட்டனர். அவர்களுக்கு 'முர்ரேயின் முட்டாள்கள்' என்ற கேலிப்பெயர் வழங்கியது.

கார்களின் வருகை

1872இல் யெல்லோஸ்டோன் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் இத்தகைய பூங்காக்களுக்குத் தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் செல்ல வேண்டியிருந்ததால், அங்கு சென்றவர்களில் வசதி படைத்தோரே மிகுதி. 1908இல் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் 850 டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. 1925இல் அதன் விலை 260 டாலராகக் குறைந்தது. யோசெமிட்டிப் பூங்கா 1913இலும் யெல்லோஸ்டோன் 1915இலும் கார்களை அனுமதித்தன. 1916இல் தேசியப் பூங்காப் பணித்துறை நிறுவப்பட்டது.

இதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களும் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு காட்டுக்குச் செல்லத் தொடங்கின. அக்காலத்தில் காருக்கெனத் தனி இடம் குறிக்கப்படவில்லை. விரும்பிய மரத்தடியில் காரை நிறுத்தினர். விரும்பிய இடத்தில் தீ மூட்டினர். சில ஆண்டுகளிலேயே புதர்களும் இளங்கன்றுகளும் அழிந்து, முகாம் இடங்கள் வெற்றுத் தரையாக மாறின.

மெய்னெக்கியின் ஆய்வு

எமிலியோ மெய்னெக்கி கலிபோர்னியாவில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர். சுற்றுலாப் பயணிகளின் நெரிசல் ரெட்வுட் மரங்களை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்து, 1928இல் அவர் ஓர் அறிக்கை அளித்தார். பூஞ்சையும் புழுவும் மரத்துக்குச் செய்யும் கேட்டை ஆராய்ந்துவந்த அவர், இங்கே சுட்டிக்காட்டியது மனிதரின் காலடியையும் கார்ச் சக்கரத்தையும் ஆகும்.

ரெட்வுட் மரம் வானளாவ உயர்ந்தாலும் அதற்கு ஆணிவேர் இல்லை. அதன் வேர்கள் ஆழமாகச் செல்லாமல் பக்கவாட்டில் பரவுகின்றன. மண் மிதிபட்டு இறுகும்போது காற்றும் நீரும் வேருக்குச் சேர்வதில்லை. மரம் உடனே விழுவதில்லை. பல ஆண்டுகளில் மெல்ல நலிகிறது. இதனால் கேடு நடப்பதே பார்வையாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பயணிகளைத் தடுப்பதற்கு மாறாக, அவர்கள் கால் படும் பரப்பைச் சுருக்கும் வழியை 1932இல் வெளிவந்த தம் முகாம் தளக் கொள்கையில் மெய்னெக்கி முன்வைத்தார். ஒருவழிப் பாதை அமைப்பது, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கார் நிறுத்துமிடத்தை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்குவது, மேசையையும் அடுப்பையும் ஒரே இடத்தில் நிலைநிறுத்துவது ஆகியவை அதன் கூறுகள். கார்கள் உள்ளே புகாதவாறு பாறாங்கற்களும் மரக்கட்டைகளும் எல்லையாக இடப்பட்டன. இடங்களுக்கு நடுவே புதர்கள் காக்கப்பட்டதால் குடும்பங்களுக்குத் தனிமையும் கிடைத்தது.

பெருமந்தக் கால வேலைகள்

1933இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடிமக்கள் வளப் பாதுகாப்புப் படையைத் தொடங்கினார். 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் இதில் பணியாற்றினர். மாத ஊதியம் 30 டாலர். அதில் 25 டாலர் வரை வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இவ்விளைஞர்கள் நாடெங்கும் மரம் நட்டதோடு, முகாம் தளங்களையும் பாதைகளையும் அமைத்தனர். மெய்னெக்கியின் திட்டம் பரவலாக நடைமுறைக்கு வந்தது இக்காலத்தில்தான்.

யாருக்கான காடு

முகாம் தளங்கள் எல்லோரையும் ஒன்றுபோல் வரவேற்கவில்லை. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851இல் ஆயுதப்படை ஒன்று அங்கிருந்து விரட்டியது. மனிதர் வாழாத தூய காடு என்று பிற்காலப் பயணிகள் போற்றிய நிலம் பலருக்குத் தாய்நிலமாக இருந்தது.

வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கென லூயிஸ் மவுண்டன் என்ற தனிப்பகுதி 1939இல் திறக்கப்பட்டது. அதன் வழிகாட்டிப் பலகையிலேயே இனப்பெயர் எழுதப்பட்டிருந்தது. உள்துறையில் ஆலோசகராக இருந்த வில்லியம் ஜே. டிரென்ட் இப்பிரிவினையை எதிர்த்து வாதாடினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படிப்படியாகத் தளர்ந்த பிரிவினை 1950இல் அப்பூங்காவில் முடிவுக்கு வந்தது. லூயிஸ் மவுண்டன் முகாம் தளம் இன்று எல்லோருக்கும் பொதுவானது.

கரடியும் விறகும்

கரடிகள் குப்பைமேட்டில் உண்பதைக் காண்பது ஒரு காலத்தில் பூங்காக்களில் பொழுதுபோக்காக இருந்தது. இதனால் கரடிகள் மனித உணவுக்குப் பழகின. 1967 ஆகஸ்ட் 13 அன்று, மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் வெவ்வேறு முகாம்களில் தங்கியிருந்த இரண்டு இளம்பெண்கள் கரடிகள் தாக்கி இறந்தனர். அதன் பின்னர் குப்பை அகற்றுதல், உணவுப் பாதுகாப்பு பற்றிய விதிகள் கடுமையாயின.

2002இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆஷ் மரங்களை அழிக்கும் ஆசிய வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. தானாக நெடுந்தொலைவு பறக்காத அவ்வண்டு, விறகுக்குள் ஒளிந்து பல மாநிலங்களுக்குப் பரவியது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. முகாமுக்குச் செல்வோர் விறகைக் கொண்டுசெல்லாமல், எரிக்கும் இடத்துக்கு அருகிலேயே வாங்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

திட்டமிடலின் பொருள்

தடம் பதிக்காமல் காட்டில் தங்குவதற்கான ஏழு நெறிகள் இன்று அமெரிக்கப் பூங்காக்களில் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் முதலாவது, முன்கூட்டியே திட்டமிட்டு ஆயத்தமாவது. முர்ரேயின் காலத்தில் திட்டமிடல் என்பது பயணி தன்னைக் காட்டிலிருந்து காத்துக்கொள்வதாக இருந்தது. மெய்னெக்கிக்குப் பிறகு, காட்டைத் தன்னிடமிருந்து காப்பதும் அதில் சேர்ந்தது. முகாம் தளத்தின் ஓரத்தில் இயல்பாகக் கிடப்பதுபோல் தோன்றும் பாறாங்கல் பெரும்பாலும் அங்கே திட்டமிட்டு வைக்கப்பட்டதே. அதற்கு அப்பால் இளங்கன்று வளர இடம் இருக்கிறது.