முகம் மாறலாம், நடத்தை மாறாது
கணனி நச்சுநிரல்களை இனங்காணும் முயற்சியின் வரலாறு

ஓர் ஊரின் வாயிலிலே காவலுக்கு நிற்பவன் கள்வரை இரு வழிகளில் அறியலாம். முன்னர் பிடிபட்ட கள்வரின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, வருவோர் போவோரின் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வழி. முகத்தை விடுத்து, வந்தவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பது மற்றைய வழி. நள்ளிரவில் பிறர் வீட்டுப் பூட்டை அசைத்துப் பார்ப்பவன், எந்தப் படத்திலும் இல்லாவிடினும் ஐயத்துக்குரியவனே. கணனிகளைத் தாக்கும் நச்சுநிரல்களைக் கண்டறியும் கலை, கடந்த நாற்பது ஆண்டுகளில் முதலாவது வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றையே இங்கு நோக்குவோம்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விடயம் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அகதி விண்ணப்பப் பத்திரங்கள், சட்டத்தரணிக்கு எழுதிய கடிதங்கள், ஊரிலிருக்கும் உறவினரின் முகவரிகள், மறைந்த பெற்றோரின் புகைப்படங்கள் ஆகிய யாவும் இன்று ஒரு கணனியிலோ கைத்தொலைபேசியிலோ அடங்கிவிட்டன. அவை அழிந்துபோவதும், பிறர் கண்ணிற் படுவதும் புலம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று.

பட்டியலின் காலம்

ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பிரெட் கோஹென், 1983ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிற நிரல்களோடு தன்னை ஒட்டிக்கொண்டு பெருகும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பரிசோதித்தார். ஐந்து முறை பரிசோதித்தபோது, ஐந்து முறையும் ஒரு மணி நேரத்துக்குள் கணனியின் முழு அதிகாரமும் அதனை ஏவியவர் வசமாயிற்று. அவருடைய பேராசிரியர் லெனார்ட் ஏடில்மன் இத்தகைய நிரலுக்கு "வைரஸ்" என்னும் பெயரைச் சூட்டினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1986இல், பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணனி வணிகம் நடத்திய பாசித், அம்ஜத் என்னும் சகோதரர் எழுதிய "பிரெயின்" என்ற வைரஸ், நெகிழ்வட்டுகள் வழியாகக் கடல் கடந்தது. தமது மென்பொருளைக் களவாகப் பிரதி செய்வோரை எண்ணியே அதனை எழுதியதாகக் கூறிய அவர்கள், தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள் பதித்திருந்தனர். முகவரியோடு திரியும் கள்வனைப் பிடிப்பது எளிது.

அக்காலத்திற் தோன்றிய காப்பு மென்பொருள்கள் முதலாவது வழியையே கைக்கொண்டன. ஒவ்வொரு வைரஸின் உடலிலும் அதற்கே உரிய எழுத்துத் தொடர் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்குக் "கையொப்பம்" என்று பெயரிட்டு, பட்டியலிற் சேர்த்தனர். கணனியில் உள்ள கோப்புகள் அப்பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. புதிய பட்டியல்கள் நெகிழ்வட்டுகளில் அஞ்சல் வழியே வாடிக்கையாளரைச் சென்றடைந்தன.

இம்முறையின் குறை அதன் பிறப்பிலேயே இருந்தது. பட்டியலில் ஒரு கையொப்பம் ஏறுவதற்கு முன்னர், யாரோ ஒருவர் அந்நிரலால் தாக்கப்பட்டிருக்க வேண்டும். மேலும், 1990ஆம் ஆண்டில் அமெரிக்கரான மார்க் வோஷ்பர்ன் எழுதிய "1260" என்னும் வைரஸ், பரவும் ஒவ்வொரு முறையும் தன் உடலைப் புதிய மறைகுறியால் மூடிக்கொண்டது. சிறிது காலத்திற் பல்கேரியாவிலிருந்து "டார்க் அவெஞ்சர்" என்ற புனைபெயரினர், எந்த வைரஸையும் இவ்வாறு உருமாற்றவல்ல கருவி ஒன்றையே ஆக்கி வெளியிட்டார். படத்தில் இருந்த முகம் நாள்தோறும் மாறலாயிற்று. 2020களின் தொடக்கத்தில், ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏ.வி.-டெஸ்ட் நிறுவனம் நாளொன்றுக்கு 4,50,000க்கும் அதிகமான புதிய தீய நிரல்களையும் விரும்பத்தகாத நிரல்களையும் பதிவு செய்வதாக அறிவித்தது. இத்தனை முகங்களை எப்பட்டியல் தாங்கும்?

நிறைவான காவலன் இல்லை

இங்கே கோஹெனின் மற்றொரு பங்களிப்பை நினைவுகூர வேண்டும். எந்த நிரலைக் கொடுத்தாலும் "இது வைரஸ்", "இது வைரஸ் அன்று" என்று தவறாது கூறவல்ல கருவியை ஆக்க இயலாது என்பதை, 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அவர் தருக்கமுறையில் நிறுவினார். அத்தருக்கம் எவருக்கும் விளங்கக்கூடியது. அத்தகைய கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஒரு நிரலை எழுதுகிறார். அந்நிரல் முதலில் அக்கருவியிடம் தன்னைப் பற்றியே வினவுகிறது. "நீ வைரஸ்" என்று கருவி கூறின், நிரல் பரவாது அடங்கிவிடுகிறது. "நீ வைரஸ் அன்று" என்று கூறின் உடனே பரவுகிறது. எவ்வாறு கூறினும் கருவியின் கூற்றுப் பொய்த்துப்போகும். ஆகவே தவறாத கருவி என்று ஒன்று இருத்தல் இயலாது.

இம்முடிவு முகத்தைப் பார்ப்போருக்கும் நடத்தையைப் பார்ப்போருக்கும் ஒருங்கே பொருந்தும். எந்த முறையிலும் எட்டக்கூடியது பெரும்பாலும் சரியான ஐயமே. பிழையற்ற தீர்ப்பு எட்டாது. பின்வந்த வரலாறு முழுவதையும் இவ்வுண்மையின் வெளிச்சத்திலேயே வாசிக்க வேண்டும்.

நடத்தையைக் கற்றல்

நடத்தையைக் கவனிக்கும் சிந்தனை முதலில் மனிதரைப் பற்றியதாகவே எழுந்தது. எஸ்.ஆர்.ஐ. இன்டர்நாஷனல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டொரதி டெனிங் அம்மையார், 1987இல் வெளியிட்ட கட்டுரையில், கணனியைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரின் வழக்கத்தையும் எண்களாகப் பதிந்து வைக்கலாம் என்றார். எந்நேரத்தில் வருகிறார், எக்கோப்புகளைத் திறக்கிறார், எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பன பதியப்படும். வழக்கத்திலிருந்து பெரிதும் விலகும்போது எச்சரிக்கை எழும்.

இச்சிந்தனையை நிரல்களுக்குப் பொருத்தியவருள் முதன்மையானவர் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெபனி பொரஸ்ட் அம்மையார். நம் உடல், தனக்குரிய உயிரணுக்களையும் அந்நியக் கிருமிகளையும் வேறு பிரித்தறியும் ஆற்றல் உடையது. நோய் எதிர்ப்பின் அடிப்படை அதுவே. கணனிக்கும் அவ்வாறு "தான்", "பிறன்" என்னும் உணர்வை ஊட்டலாமா என்பதே அவருடைய வினா. 1996ஆம் ஆண்டு அவரும் சகாக்களும் அதற்கு வழி காட்டினர். எந்த நிரலும் ஒரு கோப்பைத் திறக்கவோ, எழுதவோ, வெளியுலகோடு தொடர்புகொள்ளவோ விரும்பின், கணனியின் இயக்குதளத்திடம் அனுமதி கேட்டாக வேண்டும். "திற, படி, மூடு" என்பது போன்ற இக்கோரிக்கைகளின் சிறு சிறு தொடர்களை, நிரல் நலமாக இயங்கும்போது அவர்கள் பதிந்து வைத்தனர். அந்நிரல் தாக்குதலுக்கு உட்பட்டபோது, பதிவில் இல்லாத தொடர்கள் தலைகாட்டின. கள்வன் வேறு உடை அணியலாம். ஆயினும் பொருளை எடுக்க அவன் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும்.

அடுத்த கட்டம், எது நல்லது, எது தீயது என்பதை இயந்திரமே எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்வது. இதனையே இயந்திரக் கற்றல் என்பர். 2001இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், நல்லனவும் தீயனவுமாக 4,266 நிரல்களைக் கொண்டு கணனியைப் பயிற்றினர். எனினும் அவர்கள் ஆராய்ந்தது நிரல்களின் உடலையே, நடத்தையை அன்று. நடத்தையும் கற்றலும் ஒன்றிணைந்ததற்கு ஜேர்மனியில் நிகழ்ந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. மான்ஹைம் பல்கலைக்கழகத்தில் "மணற்பெட்டி" ஒன்றை ஆக்கினர். குழந்தை மணற்பெட்டிக்குள் எதைக் கட்டினாலும் இடித்தாலும் வீட்டுக்குத் தீங்கில்லை அல்லவா? அதுபோல, ஐயத்துக்குரிய நிரலை அடைக்கப்பட்ட கணனியில் ஓடவிட்டு, அது செய்தவற்றையெல்லாம் அறிக்கையாக எழுதுவித்தனர். 2008இல் கொன்றாட் ரீக் முதலானோர், 10,000க்கும் அதிகமான நச்சுநிரல்கள் பற்றிய இத்தகைய அறிக்கைகளைக் கணனிக்குப் பாடமாக்கினர். எச்செயல் எத்தனை முறை நிகழ்ந்தது என்று கணக்கிட்டு, எக்குடும்பத்து நிரல் எவ்வாறு நடக்கும் என்பதைக் கணனி கற்றது. நெடுநாள் பாடம் நடத்திய ஆசிரியர், பெயர் எழுதாத கட்டுரையையும் அதன் நடையைக் கொண்டு இன்னாருடையது என்று உரைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இம்முறை நடைமுறையிற் பயன்பட்டதற்கு 2018ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி சான்றாகும். "டோபொயில்" எனப்பட்ட நச்சுநிரலின் புதிய வடிவம் ரஷ்யா, துருக்கி, உக்ரேன் நாடுகளிற் பரவியது. அது விண்டோஸின் நல்ல நிரல் ஒன்றை இயக்கி, அதன் உள்ளடக்கத்தை அகற்றி, அக்கூட்டுக்குள் தான் புகுந்துகொண்டது. பின்னர் பிறர் கணனியின் உழைப்பைக் களவாடி மறைகுறி நாணயம் திரட்ட முயன்றது. முகத்தைப் பார்த்தால் நல்ல நிரல், நடத்தையோ வேறு. அந்நடத்தையைக் கண்ட இயந்திரக் கற்றல் முறைகள் சிறிது நேரத்திலேயே 80,000க்கும் அதிகமான தாக்குதல்களைத் தடுத்தன என்றும், அடுத்த 12 மணி நேரத்தில் 4,00,000க்கும் அதிகமான நிகழ்வுகள் பதிவாகின என்றும் மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்தது.

பொய் எச்சரிக்கையும் போலி நடத்தையும்

எனினும், சந்தேகத்தின் பேரில் தடுத்து வைக்கப்படுவது என்றால் என்னவென்று இவ்வேட்டின் வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நடத்தையைக் கொண்டு ஐயுறும் முறை குற்றமற்றவரையும் பிடிக்கும். சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டெபான் அக்செல்சன் 1999இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கருத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நாளில் பத்து இலட்சம் செயல்கள் நிகழ்கின்றன என்றும், அவற்றுட் பத்து மட்டுமே தீயன என்றும் கொள்வோம். நம் காவலன் அப்பத்தையும் பிடித்துவிடுகிறான். நல்லனவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாக ஐயுறுகிறான். நூற்றுக்கு ஒன்று சிறு பிழையாகவே தோன்றும். ஆனால் அந்நாளில் எழும் பொய் எச்சரிக்கைகள் ஏறத்தாழ 10,000, உண்மையானவை பத்து. ஆயிரம் பேரை நிறுத்தினால் அவருள் ஒருவரே குற்றவாளி. இத்தனை பொய்க் கூக்குரல்களைக் கேட்ட காவலன், பதினோராம் நாள் உண்மையான கூக்குரலையும் கேளாதிருப்பான்.

கள்வரும் வாளாவிருக்கவில்லை. நல்ல நிரலின் நடத்தையைப் போலவே நடித்து, இடையிடையே தம் காரியத்தை முடிக்கும் முறை இயலும் என்பதை, 2002இல் பேர்க்லி ஆய்வாளரான டேவிட் வாக்னரும் பாவ்லோ சோட்டோவும் எடுத்துக்காட்டினர். மேலும், இயந்திரம் தனக்குக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளையே கற்கும். அவை ஒருபக்கம் சாய்ந்திருப்பின் அதன் நீதியும் ஒருபக்கம் சாயும்.

ஒரு புலம்பெயர் சமூகத்தின் அனுபவம்

இவை அனைத்தும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குத் திபெத்திய அகதிகளின் அனுபவமே சான்று. இந்தியாவின் தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் அலுவலகக் கணனிகளை, கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஆராய்ந்தது. 2009 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, 103 நாடுகளில் 1,295 கணனிகள் ஒரே வேவு வலைக்குள் அகப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. அவ்வலைக்குக் "கோஸ்ட்நெட்" என்று பெயரிடப்பட்டது. நிரல் புகுந்த வழி மிக எளிது. திபெத்திய இயக்கத்தைச் சேர்ந்த ஆவணம் போலத் தோன்றிய மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததே போதுமானதாயிற்று. உள்ளே புகுந்த நிரல் கோப்புகளை அனுப்பியதோடு, கணனியின் ஒலிவாங்கியையும் படக்கருவியையும் இயக்க வல்லதாயிருந்தது.

ஆய்வாளர் கண்டெடுத்த நச்சு ஆவணத்தை 34 காப்பு மென்பொருள்களிடம் காட்டியபோது, 11 மட்டுமே அதனைத் தீயது என்று அறிந்தன. மற்றவற்றின் பட்டியல்களில் அம்முகம் இல்லை. உண்மையை வெளிக்கொணர்ந்தது நடத்தையே. அக்கணனிகள் எவரோடு, எப்பொழுது, என்ன பேசுகின்றன என்பதை மனிதர் பொறுமையோடு இருந்து கவனித்தனர். கட்டுப்பாட்டு நிலையங்களுட் பல சீனாவில் இருந்தன. ஆயினும் அந்நாட்டு அரசே இதன் பின்னால் நின்றது என்று அறிக்கை முடிவு கூறவில்லை. சீனாவும் மறுத்தது. தர்மசாலாவிலிருந்து இணையவழி உரையாடல் பணியில் ஈடுபட்ட ஓர் இளம்பெண், ஊர் திரும்பும் வழியில் எல்லையில் தடுக்கப்பட்டு, இரண்டு மாதம் காவலில் இருந்து, தன் உரையாடல்களின் எழுத்துப் பிரதிகளைக் கண்முன்னே காட்டப்பெற்றார் என்பதையும் அவ்வறிக்கை பதிவு செய்கிறது. ஒரு கோப்பைத் திறப்பதன் விலை சில வேளைகளில் ஒருவரின் சுதந்திரமாகவும் இருக்கலாம்.

நாம் கொள்ள வேண்டியவை

பட்டியல் முறை இன்றும் கைவிடப்படவில்லை; பழைய கள்வரைப் பிடிக்க அது விரைவானது. புதியவரைக் காண நடத்தையைக் கற்ற இயந்திரம் துணை நிற்கிறது. இரண்டும் தவறும் என்பதைக் கோஹெனின் தருக்கம் முன்னரே கூறிவிட்டது. எஞ்சியிருப்பது மனிதரின் விழிப்பே.

அவ்விழிப்புக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. அறிந்தவர் பெயரில் வந்தாலும் எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2017 மே 12ஆம் திகதி "வோனாகிரை" என்னும் பணயநிரல் பிரித்தானியாவின் மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னரே வெளியாகியிருந்தது. ஆகவே திருத்தங்களைப் பிற்போடாதீர்கள். வழக்குப் பத்திரங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் கணனியோடு இணைக்காத வேறொரு வட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள். காப்பு மென்பொருள் எச்சரிக்கும்போது சினந்து மூடிவிடாது, அது எச்செயலைக் கண்டு ஐயுற்றது என்பதை வாசியுங்கள். விளங்காவிடின் வீட்டிலுள்ள இளையோரிடம் கேளுங்கள். இயந்திரம் ஐயத்தை எழுப்பும். அதனை ஆராய்ந்து முடிவு காண்பது நம்முடைய பொறுப்பு.