குலப்பெருமை கவசமா?

நடுவர் அவர்களே! "குலப்பெருமை ஒரு கவசம்"னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். நான் ஸ்காட்லாந்தின் டக்ளஸ் குலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

1440 நவம்பர். எடின்பரோ கோட்டையில் விருந்து. அரசன் இரண்டாம் ஜேம்ஸுக்கு வயசு 10. விருந்தாளி, ஆறாவது டக்ளஸ் பிரபு வில்லியம். 16 வயசு இருக்கும். கூடவே தம்பி டேவிட். ராஜத்துரோகம்னு சொல்லி ரெண்டு பிள்ளைகளையும் வெட்டிட்டாங்க!

பட்டம் யாருக்குப் போச்சு? தாத்தாவோட தம்பிக்கு! அவர் மகன்தான் எட்டாவது பிரபு. 1452-ல் உயிருக்கு உத்தரவாதம் கொடுத்து ஸ்டர்லிங் கோட்டைக்கு வரவழைச்சு, அதே ஜேம்ஸ் தன் கையாலேயே குத்தினான். 1455-ல் பட்டமும் நிலமும் பறிமுதல்.

சாதாரண வீட்டில் பிறந்திருந்தா, அந்தப் பிள்ளைகளை எந்த ராஜா விருந்துக்குக் கூப்பிட்டிருப்பான்? நண்பரே, நீங்க கவசம்னு சொன்னது, கத்திக்கு வழிகாட்டிய அடையாளம் ஐயா!