முதலில் ஆதாரம், அப்புறம் பெயர்

1/
போன மாதம் ஓ.பி.யில் ஒரு அக்கா. பத்து வருஷமா சர்க்கரை நோய். ரெண்டு மாசமா மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, கட்டைப்பையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல வைக்கிறாங்க. ஆள் சேர்த்து விற்கிற எம்எல்எம் சத்துமாவு. அன்னிக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 312.

2/
"யாரும்மா கொடுத்தது?"
"நாத்தனார் வீட்டுக்காரர் சார்."
"திருப்பிக் கொடுத்துடுங்க."
"கொடுத்தா சண்டை வரும் சார். பொண்ணு கல்யாணம் தை மாசம். அவங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

3/
அக்கா பேரும் இல்லாம, நிறுவனத்தோட பேரும் இல்லாம இதை இங்கே எழுதினேன். உள்பெட்டி நிரம்பிடுச்சு. எல்லாரும் அவங்கவங்க கதையைச் சொல்லிட்டு, கடைசியில் ஒரே வரி: "என் பேரைப் போட்டுடாதீங்க டாக்டர்." ஒருத்தர் மட்டும் வேற கேட்டார்: "பேரை மறைச்சு நானே எழுதினா, கேஸ் போட்டு என்னைக் கண்டுபிடிச்சுடுவாங்களா?"

4/
இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க. நான் வக்கீல் இல்லை, அரசு மருத்துவமனை எம்பிபிஎஸ். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்றேன். நோட்டீஸ் வந்தா வக்கீலைப் பாருங்க. காய்ச்சல் வந்தா என்கிட்ட வாங்க.

5/
எம்எல்எம் தொழிலின் பெரிய பெயர் ஆம்வே. 1959ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. அந்த நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விசாரித்து, 1979ல் "இது பிரமிடு மோசடி இல்லை" என்று சொன்னது. ஆனால் விலையைக் கட்டுப்படுத்தியதையும், வருமானத்தை ஊதிச் சொன்னதையும் தவறு என்றது. பல எம்எல்எம் நிறுவனங்கள் இன்றும் பிடித்து நிற்கும் தூண் அந்தத் தீர்ப்புதான்.

6/
மற்ற வியாபாரத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம். மளிகைக் கடையில் பருப்பு சரியில்லைன்னா கடைக்காரரிடம் சத்தம் போடலாம். இங்கே கடைக்காரர் உங்க சித்தப்பா. அதனால இதை விமர்சிக்கிறவருக்கு ரெண்டு பயம். ஒண்ணு நிறுவனத்தோட வக்கீல் நோட்டீஸ். இன்னொண்ணு அடுத்த விசேஷ வீட்டுப் பந்தி. முகத்தை மறைக்கத் தோணுவதில் ஆச்சரியமே இல்லை.

7/
பெயர் மறைத்து எழுதுவது இணையம் கொண்டுவந்த பழக்கம் இல்லை. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்கச் சொல்லி 1787-88ல் வந்த 85 கட்டுரைகளில் 'பப்ளியஸ்' என்றுதான் கையெழுத்து. அந்தப் புனைபெயருக்குள் ஹாமில்டன், மேடிசன், ஜே என்று மூன்று பேர். சாசனத்துக்கே வாதாடியவர்கள் முகமூடி போட்டுத்தான் வாதாடினாங்க.

8/
அடுத்து 1960. லாஸ் ஏஞ்சலஸில் அச்சடித்தவர் பேரும் விலாசமும் இல்லாம துண்டறிக்கை கொடுக்கக் கூடாதுன்னு ஊர்ச் சட்டம். டாலி என்பவர் கொடுத்தார். கறுப்பினத்தவருக்கும் மெக்சிகர்களுக்கும் சமமா வேலை தராத நிறுவனங்களோட சரக்கை வாங்காதீங்க என்பதுதான் செய்தி. அபராதம் 10 டாலர். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தது. கவனிங்க, அதுவும் நிறுவனங்கள் மீதான விமர்சனம்தான்.

9/
1988ல் ஒஹையோ மாநிலத்தில் மெக்கின்டயர் என்ற பெண்மணி, பள்ளிக்கூட வரிக்கு எதிரா துண்டறிக்கை கொடுத்தார். சிலவற்றில் அவர் பேர் இல்லை. அபராதம் 100 டாலர். 1995ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெரும்பான்மையின் பழிவாங்கலில் இருந்து தனி ஆளைக் காக்கும் கேடயம் இது என்பது தீர்ப்பின் சாரம். அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

10/
பிறகு இணையம் வந்தது. இப்போ துண்டறிக்கைக்குப் பதில் பதிவு. முகத்தை மறைத்தாலும் ஐபி முகவரி தளத்திடம் இருக்கும். நிறுவனங்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்தன: 'ஜான் டோ', அதாவது பெயர் தெரியாதவர் மேல் வழக்கு போடு, நீதிமன்ற ஆணையோடு தளத்திடம் பேரை வாங்கு. சில சமயம் பேர் கைக்கு வந்ததும் வழக்கே தேவைப்படாது. வேலையை விட்டுத் தூக்கினால் போதும்.

11/
இதுக்குக் கடிவாளம் போட்டது 2001ல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். வழக்கு போட்ட டென்ட்ரைட், மருந்து கம்பெனி ரெப்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம். நீதிமன்றம் சொன்ன படிகள்: எழுதியவருக்கு முதலில் தகவல் சொல்லு. எந்த வரி தப்புன்னு காட்டு. அதுக்கு ஆதாரம் வை. அதன் பிறகு உன் வழக்கின் பலத்தையும் அவர் பேச்சுரிமையையும் எடைபோட்டுப் பார்க்கிறோம்.

12/
டென்ட்ரைட்டால் பாதிப்பை நிரூபிக்க முடியலை. பேர் கிடைக்கலை. 2005ல் டெலவேர் உச்ச நீதிமன்றமும் கேஹில் வழக்கில் அதே திசையில் போனது.

13/
எனக்கு இது மருத்துவம் மாதிரியே தெரியுது. கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுப்பதற்கு முன்னாடி காரணம் வேணும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டுத்தான் ஊசி. பேரை வெளியே எடுப்பதும் அப்படித்தான். ஒரு தடவை எடுத்துட்டா திரும்ப உள்ளே வைக்க முடியாது.

14/
இப்போ எம்எல்எம். ஆம்வே அமெரிக்காவில் சில வருடங்கள் 'க்விக்ஸ்டார்' என்ற பேரில் நடந்தது. அதிலிருந்து பிரிந்த பெரிய விநியோகஸ்தர்களின் அமைப்பு 'சிக்னேச்சர் மேனேஜ்மென்ட் டீம்', சுருக்கமா 'டீம்'. க்விக்ஸ்டாரைத் திட்டிப் பெயர் தெரியாத வலைப்பதிவுகள், ஒரு வீடியோ. வீடியோக்காரரின் பேர் 'ஹூடட் ஆங்கிரி மேன்'. முக்காடு போட்ட கோபக்காரர்னு வச்சுக்கலாம். இதெல்லாம் டீம் தூண்டிவிட்ட வேலைன்னு க்விக்ஸ்டார் வழக்கு போட்டது.

15/
எழுதிய ஐந்து பேர் யாருன்னு டீம் ஊழியர் ஒருவரைக் கேட்டாங்க. சொல்ல மறுத்தார். மூன்று பேரைச் சொல்லு என்றது கீழ் நீதிமன்றம். சொல்லக் கூடாதுன்னு எழுதியவர்களும், மீதி ரெண்டு பேரும் வேணும்னு க்விக்ஸ்டாரும் மேலே போனாங்க. 2010ல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் ரெண்டு மனுக்களையும் தள்ளியது. பெயர் மறைத்துப் பேசும் உரிமை இணையத்திலும் உண்டு, ஆனா அது எல்லையில்லாதது இல்லை என்பது அதன் நிலை.

16/
க்விக்ஸ்டார் சொன்னதை முழுசா ஒதுக்கவும் முடியாது. ஏமாந்த வாடிக்கையாளர் போடும் முகமூடியும், போட்டி நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்துப் போடும் முகமூடியும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். அதனாலதான் 'எப்பவும் காட்டாதே' என்பதும் சரியில்லை, 'கேட்டதும் காட்டு' என்பதும் சரியில்லை.

17/
இனிதான் திருப்பம். 'ஆம்த்ராக்ஸ்' என்று ஒரு வலைப்பதிவு. ஆம்வேயையும் ஆந்த்ராக்ஸையும் ஒட்டிய பெயர். எம்எல்எம் விமர்சனம் மட்டும்தான் அதன் வேலை. எழுதியவர் யாருன்னு தெரியாது. 2013ல் அவர் பேர் வேணும்னு கேட்டு ஒரு வழக்கு. போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? அதே டீம். தன் பக்கத்து முகமூடிகளின் பேரைச் சொல்ல மறுத்த அதே அமைப்பு.

18/
வழக்கு அவதூறுக்காக இல்லை. அவர் எழுதியது பொய்னு வாதமே இல்லை. டீம் ஆட்களுக்கான பயிற்சிப் புத்தகத்தின் பிரதிக்கு அவர் இணைப்பு கொடுத்திருந்தார். அதனால காப்புரிமை மீறல். நோட்டீஸ் வந்ததும் இணைப்பை எடுத்துட்டார். டீம் வழக்கில் ஜெயித்தது. ஆனாலும் பேரைச் சொல்லத் தேவையில்லை என்றது கீழ் நீதிமன்றம்.

19/
2017 நவம்பரில் ஆறாவது வட்டார நீதிமன்றம், 2-1 என்ற கணக்கில், மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. வழக்கில் தோற்ற பிறகு பேரை வெளியிடுவதுதான் பொது விதி, ஏன்னா நீதிமன்ற நடவடிக்கை மக்களுக்குத் திறந்திருக்கணும். ஆனா அவர் சட்டப்படி செய்துவரும் மற்ற பேச்சு அதனால் முடங்கிடுமா என்பதையும் பார்க்கணும். இதுதான் அந்தத் தீர்ப்பு.

20/
எனக்கு இதில் ஒரே பாடம். அவர் மாட்டிக்கொண்டது விமர்சனத்தால் இல்லை, அடுத்தவர் புத்தகத்தை முழுசா கொடுத்ததால். ரெண்டு பக்கத்தை எடுத்துக்காட்டி இது தப்புன்னு எழுதியிருந்தால் டீம் கையில் அந்த ஆயுதம் கிடைத்திருக்காது.

21/
நம்ம ஊருக்கு வருவோம். அமெரிக்காவின் ஜான் டோவுக்கு நம் நீதிமன்றங்களில் பேர் 'அசோக் குமார்'. 2012ல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தது அப்படி ஒரு ஆணைதான்.

22/
அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னாங்க, புட்டசாமி வழக்கில். ஆனா 2021 ஐடி விதிகளின்படி, அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு எழுத்தில் கேட்டால் தளங்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் தரணும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தகவலுக்கு விதிவிலக்கு உண்டு. டென்ட்ரைட் மாதிரி படிப்படியான சோதனையை நம் சட்டம் எழுதி வைக்கலை. ஆக, கேட்டவருக்கு என் பதில்: ஆமா, கண்டுபிடிக்க முடியும்.

23/
அவதூறு இங்கே கிரிமினல் குற்றமும் கூட. 2016ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரை சிறை. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்பதும் அதே பிரிவில் இருக்கு.

24/
அப்போ தைரியமா பேர் போட்டே எழுதலாமேன்னு கேட்பீங்க. ஹெர்பலைஃப் பொருட்கள் சாப்பிட்ட 24 வயதுப் பெண் கல்லீரல் செயலிழந்து இறந்ததைப் பற்றி, கேரள மருத்துவர்கள் தங்கள் பேரோடு ஒரு ஆய்விதழில் எழுதினாங்க. 2019ல் அச்சானது. நிறுவனம் அதை மறுத்தது. வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு, 2020ல் பதிப்பகம் அந்தக் கட்டுரையையே எடுத்துட்டது. பட்டமும் பதவியும் இருக்கிறவங்களுக்கே இந்த நிலைமைன்னா, சத்துமாவு வாங்கிய அக்காவுக்கு?

25/
மருத்துவம் இதுக்கு எப்பவோ ஒரு வழி வச்சிருக்கு. மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்கும் அரசுப் படிவத்தில் நோயாளியின் முழுப் பேர் கிடையாது, முதலெழுத்துகள்தான். என்ன சாப்பிட்டார், எத்தனை நாள், எவ்வளவு, பரிசோதனை முடிவு என்ன என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன 24 வயதுப் பெண்ணின் பேர் எனக்குத் தெரியாது. அதனால அந்த மரணத்தின் பாடம் குறையலை. முதலில் ஆதாரம், அப்புறம்தான் பெயர்.

26/
எழுத நினைக்கிறவங்களுக்கு:
பார்த்ததை, நடந்ததை மட்டும் எழுதுங்க. "எல்லாம் திருட்டுக் கும்பல்" வேண்டாம். "இவ்வளவு கட்டினேன், இவ்வளவு வந்தது" போதும்.
பில், வாட்ஸ்அப் செய்தி, டப்பா, ரத்த ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க.
உங்க பேரை மறைக்கிற மாதிரியே மத்தவங்க பேர், போன் நம்பரையும் மறைங்க.
முகமூடிக்குப் பின்னாடி பொய் மட்டும் வேண்டாம். அது அடுத்து உண்மை சொல்ல வர்றவரோட முகமூடியையும் சேர்த்துக் கிழிச்சிடும்.

27/
ஏதாவது சாப்பிட்டு உடம்புக்கு வந்தா 1800 180 3024. இந்திய மருந்தகக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண். உங்க மருத்துவரிடமும் டப்பாவோடு போய்ச் சொல்லுங்க. நாங்க திட்ட மாட்டோம். சரி, கொஞ்சமாத் திட்டுவோம்.

28/
அக்கா நேத்து வந்தாங்க. மாத்திரை ஒழுங்கா போடறாங்க. வெறும் வயிற்றில் 148. "அந்த டப்பாவை என்னம்மா பண்ணீங்க?" "உள்ள இருந்ததைக் கொட்டிட்டேன் சார். டப்பாவை ஃபிரிட்ஜ் மேலயே வச்சிருக்கேன். அண்ணன் வந்தா கண்ணுல படணும்ல."

கல்யாணம் முடியட்டும்னு நானும் விட்டுட்டேன்.