குள்ளனுக்கு என்ன வேஷம்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் நாலு பேரும் வந்திருக்கிறார்கள். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகவேண்டும். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, குளிக்கப் போக வழியில்லை. கூடத்தில் பாயை விரித்து ஏதோ ஒரு விளையாட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டைக்கு நாலு முகம். இவர்கள் உருட்டுகிற கட்டைக்கு இருபது முகம். தாயம் விழுந்தால் நமக்குக் கொண்டாட்டம். இவர்களுக்கு ஒன்று விழுந்தால் ஒப்பாரி.

சின்னப் பேத்தி என்னிடம் வந்தாள். "அம்மாச்சி, நான் ஹாஃப்லிங். என்ன கிளாஸ் எடுக்கட்டும்?"

"வர்ற ஜூன்ல பத்தாம் கிளாஸ் போறவதானேடி நீ, இதென்ன கேள்வி?" என்றேன். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு காலேஜ் படிக்கிற பேரன்தான் விளக்கினான். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முக்கியமாக இரண்டு விஷயம் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, எந்த இனத்தில் பிறந்தவன் என்பது: மனிதன், குள்ளன், எல்ஃப் என்று. இன்னொன்று, என்ன தொழில் என்பது: வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன், பாணன் என்று. தொழிலைத்தான் கிளாஸ் என்கிறார்கள். ஹாஃப்லிங் என்பது மனிதனில் பாதி உயரமுள்ள இனம். சத்தமில்லாமல் நடக்கும், சட்டென்று ஒளிந்துகொள்ளும். அதற்கு என்ன தொழில் பொருந்தும் என்பதுதான் பேத்தியின் கேள்வி.

முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு, கேள்வி வந்தால் பதிலைத் தேடாமல் தூக்கம் வராது. பேரனை இரண்டு நாள் குடைந்தேன். "அப்பாயி, போதும் விடுங்க" என்று அவன் கெஞ்சுகிற வரைக்கும் பழைய விதிப் புத்தகங்களை வாசித்துச் சொல்லச் சொன்னேன். அதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1937இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் 'தி ஹாபிட்' என்று ஒரு கதை எழுதினார். அதில் வருகிற குட்டை மனிதர்கள்தான் இந்த ஹாஃப்லிங்குகளுக்கு மூதாதையர். பில்போ என்ற ஹாபிட், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டோடு கிடக்கிற கௌரவமான ஆள். ஒரு நாள் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி பதின்மூன்று குள்ளர்களை அவன் வீட்டுக்கு வரச்செய்து, "உங்களுக்கு வேண்டிய திருடன் இவன்தான்" என்று சொல்லிவிடுகிறார். பில்போ அதுவரை எதையும் திருடியவன் இல்லை. அந்த வேஷத்தை அவனுக்குப் போட்டுவிட்டது அடுத்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். மூன்று சின்னப் புத்தகம், மூன்றே தொழில்: வீரன், மந்திரவாதி, பூசாரி. மனிதனாகப் பிறந்தவன் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எவ்வளவு உயரமும் போகலாம். ஹாபிட்டாகப் பிறந்தவன் வீரன் மட்டும்தான் ஆகலாம். அதிலும் நாலாவது லெவலோடு நின்றுவிட வேண்டும். கூட வந்தவர்கள் பத்து, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டிருக்க, இவன் எத்தனை அரக்கனைக் கொன்றாலும் நாலுதான்.

அடுத்த வருஷம், 1975இல், கிரேஹாக் என்று ஒரு கூடுதல் புத்தகம் வந்தது. அதில்தான் திருடன் என்ற தொழில் புதிதாகச் சேர்ந்தது. ஹாபிட்டுக்கு அந்த ஒரு தொழிலில் மட்டும் வரம்பில்லை. திருடுகிறாயா, எவ்வளவு வேண்டுமானாலும் ஏறு என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பிற்பாடு டோல்கீன் கதையின் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததால் ஹாபிட் என்ற பெயர் போய் ஹாஃப்லிங் ஆயிற்று. பெயர்தான் மாறியது, தலையெழுத்து மாறவில்லை.

1981இல் வந்த எளிய பதிப்பில் ஒரு படி மேலே போனார்கள். ஹாஃப்லிங் என்பதே ஒரு தொழில் என்று வைத்துவிட்டார்கள். மனிதனுக்குத்தான் வீரனா, மந்திரவாதியா என்ற கேள்வியெல்லாம். ஹாஃப்லிங்குக்குப் பிறப்பே தொழில். காட்டில் ஒளிந்தால் நூற்றுக்குப் பத்து தடவைதான் மற்றவர் கண்ணில் படுவான் என்று ஒரு சலுகை. எட்டாவது லெவலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு பூட்டு.

அந்தப் பூட்டை உடைத்தது 2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு. எந்த இனமும் எந்தத் தொழிலும் எடுக்கலாம், வரம்பு கிடையாது என்று எழுதினார்கள். 1974இலிருந்து எண்ணினால் இருபத்தாறு வருஷம். அப்போதும் ஹாஃப்லிங்குக்கு இயல்பாகப் பிடித்த தொழில் திருடன் என்று ஒரு குறிப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. 2024 பதிப்பில், பிறப்பால் வருகிற உடல் பலம், புத்தி பலம் போன்ற கூடுதல் மதிப்பெண்களை இனத்திலிருந்து எடுத்து, அந்தப் பாத்திரம் எப்படி வளர்ந்தது என்கிற பின்னணியில் சேர்த்துவிட்டார்கள்.

பேரன் இதையெல்லாம் சாதாரணமாக வாசித்துக்கொண்டு போனான். எனக்குத்தான் "பிறப்பே தொழில்" என்ற இடத்தில் மனம் நின்றுவிட்டது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது அமெரிக்கச் சங்கதி இல்லையே.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனபோதெல்லாம் நான் காட்டுகிற கல்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். ராஜராஜன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்தான். ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் வருமானம், நூறு கலம் நெல். அவர்கள் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பிறப்பும் தொழிலும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதே கல்வெட்டில் அடுத்த வரியும் உண்டு. அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறு ஒருவரைத் தேர்ந்து வேலைக்கு வைக்க வேண்டும். பிறப்பு மட்டும் போதாது என்பது அந்தக் கல்வெட்டை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கிட்டத்து விஷயமும் ஒன்று. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழில். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலம், இரண்டு ஷிப்டு வைத்தால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். சலவைத் தொழிலாளி பிள்ளை வெளுக்கவும், பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கவும்தானே திரும்பிப் போவான் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயரும் வைத்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆசிரியர் பயிற்சியில் இதை நாங்கள் பாடமாகப் படித்துப் பரீட்சையும் எழுதினோம். படித்ததை நான் எப்படிக் கடைப்பிடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேத்தியின் கேள்விக்குப் பதில். பொழுதுபோகாமல் கேட்டவளுக்கு நான் முறையாகவே பதில் சொன்னேன்.

2014 விதிப்படிதான் இவர்கள் விளையாடுகிறார்கள். அதில் ஹாஃப்லிங்குக்குக் கைச்சுறுசுறுப்பு அதிகம், பயம் குறைவு. கட்டையில் ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். தன்னைவிடப் பெரிய ஆளின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிற ஒரு வகையும் உண்டு. பெரிய கனமான ஆயுதம் மட்டும் சரிப்படாது. திருடன் தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மறைந்திருப்பதற்கு ஒரே வழி இருட்டில் பதுங்குவது என்று யார் சொன்னது?

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு ஆழ்வார்க்கடியான் நம்பியைத் தெரியும். குட்டை, கட்டை, கையில் தடி. வீரநாராயணபுரத்தில் கூட்டத்தைக் கூட்டி வைத்து, சைவரோடும் அத்வைதியோடும் தொண்டை கிழியச் சண்டை போடுகிறவனாகத்தான் வந்தியத்தேவன் அவனை முதலில் பார்க்கிறான். அன்று ராத்திரி கடம்பூர் மாளிகையில் நடக்கிற ரகசியக் கூட்டத்தை மதில்மேலிருந்து எட்டிப் பார்ப்பதும் அதே தலைதான். முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் அவன். இவன் வெறும் சண்டைக்காரன் என்று ஊரே நினைத்துவிட்டதால், இவன் வேறு என்ன செய்கிறான் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "வாயை வைத்துப் பிழைக்கிற பாணன் தொழில் உன் ஹாஃப்லிங்குக்கு நன்றாகப் பொருந்தும்" என்றேன். "பார்டா அம்மாச்சி?" என்று குறித்துக்கொண்டாள்.

மந்திரவாதி ஆகலாமா என்றாள். நம் ஊரில் அந்தச் சந்தேகமே வரக் கூடாது. குறுமுனி அகத்தியரின் கமண்டலத்தைக் காக்கை கவிழ்த்ததால் ஓடி வந்தவள் காவிரி என்றுதானே நமக்குக் கதை சொன்னார்கள்? இந்த டெல்டா சாப்பிடுகிற சோறு, கதைப்படி பார்த்தால், ஒரு குள்ள முனிவரின் செம்பிலிருந்து வந்தது. அந்தப் பழைய விதிப் புத்தகத்தை அகத்தியரிடம் காட்டியிருந்தால் "மந்திரம் உனக்குக் கிடையாது, வாளை எடு, நாலாவது லெவலில் நில்" என்றல்லவா இருந்திருக்கும்!

இவ்வளவையும் பேசி முடித்தபோதுதான் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

1990களில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரம் குறைந்தவன், ஞாபகசக்தியில் முதல். ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் பிரிப்பது என் பொறுப்பு. ஒரு வருஷம் அவனுக்கு வாமனன் வேஷம் கொடுத்தேன். அடுத்த வருஷம் குரங்கு. அதற்கடுத்து, ராஜராஜ சோழன் நாடகத்தில் அரண்மனைக்குள் நுழைகிற திருடன். மேடையில் அவன் வந்தாலே கூட்டம் சிரிக்கும், நாடகம் களை கட்டும். அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

ஒத்திகை நாளில் அவன் வந்து, "டீச்சர், நான் ராஜராஜனா நடிக்கட்டுமா? வசனம் எல்லாம் தெரியும்" என்றான். நான், "கிரீடம் உன் கழுத்து வரைக்கும் இறங்கிடும்டா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

விழா அன்று ராஜராஜன் வேஷம் போட்ட உயரமான பையன் பாதியில் வசனத்தை மறந்து நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து இவன்தான் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தான். எதிரே உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பரிசு எவர்சில்வர் டம்ளரை நான் ராஜராஜனுக்குத்தான் கொடுத்தேன். திரைக்குப் பின்னால் போய் "நல்லா செஞ்சேடா" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் படிமங்களின் உயரத்தை முழம், விரல் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே வைத்த ராஜராஜனின் சொந்தப் படிமத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு முழத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னவள், ராஜராஜன் என்றால் உயரமானவன் என்று எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தேன்?

அந்தத் தம்பி இந்தப் பக்கத்தில் இருக்கிறான். என் எல்லாப் பதிவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான், ஒரு வார்த்தை எழுத மாட்டான். அவன் என்ன வேலையில் இருக்கிறான், எங்கே இருக்கிறான் என்று இங்கே எழுதப் போவதில்லை. நன்றாக இருக்கிறான், அதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது.

தம்பி, அன்றைக்கு உனக்கு அந்த வேஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கிரீடத்துக்குள் ஒரு துணியைச் சுருட்டி வைத்திருந்தால் சரியாக நின்றிருக்கும். அதைச் செய்யாதது என் தப்பு. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உயரம், நிறம், திக்குவாய், அப்பா தொழில் என்று ஏதோ ஒன்றைப் பார்த்து நான் உங்களில் யாருக்காவது வேஷம் பிரித்துக் கொடுத்திருந்தால், கீழே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன், நேரில் திட்டுங்கள்.

பேத்தி என்ன எடுத்தாள் என்று கேட்பீர்கள். நான் சொன்ன பாணனும் வேண்டாம், மந்திரவாதியும் வேண்டாம் என்று விட்டாள். பாலடின் எடுத்திருக்கிறாள். கவசம் போட்டு, சத்தியம் செய்து, நேருக்கு நேர் நிற்கிற தர்மவீரன். ஏனடி என்றால், "ஹாஃப்லிங்னா திருடன்னுதான் எல்லாரும் நெனப்பாங்க அம்மாச்சி. அதான்" என்கிறாள். குதிரை எட்டாது என்பதால் அவள் வீரனுக்கு ஒரு பெரிய நாய் வாகனம். விதியில் இடம் இருக்கிறதாம். நேற்று மாலை நாலு பேரும் ஒரு குகைக்குள் போனார்கள். முன்னால் போனது அந்த நாய்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்