அம்பும் ஈயக் குண்டும்: பைசன் வேட்டையின் இரு கணக்குகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளில் பைசனை இரண்டு விதமாகக் கொன்றார்கள். குதிரையில் விரட்டிச் சென்று, விலங்கை உரசும் தூரத்திலிருந்து அம்பெய்த லகோட்டா, செயென், கொமான்சி மக்கள் ஒரு பக்கம். இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு கனத்த ரைஃபிளால் சுட்ட தோல் வியாபார வேட்டைக்காரர்கள் மறுபக்கம். இவ்விரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் வலிமையையே அளவுகோலாகக் கொண்டு, துப்பாக்கி வந்தது, வில் தோற்றது என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இரு தரப்பும் பெரும்பாலும் குறிவைத்த உறுப்பு ஒன்றே: நுரையீரல். அடிபட்ட விலங்கு அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தார்களோ, அதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். அம்பா, குண்டா என்ற தேர்வும் அதையொட்டியே அமைந்தது.

முதலில் விலங்கின் உடலைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பைசன் காளை 900 கிலோ வரை எடையிருக்கும். பசு ஏறத்தாழ அதில் பாதி. தோளருகே காளையின் உயரம் 1.8 மீட்டரை எட்டும். அந்த உயரத்தில் கணிசமான பங்கு திமிலுடையது. முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் எலும்பு முட்களும், பெரிய தலையைத் தாங்கும் தசைகளுமே அந்தத் திமில். இதனால் பக்கவாட்டில் நிற்கும் பைசன் பார்வையை ஏமாற்றும். உருவத்தின் நடு என்று கண் காட்டும் இடத்தைவிடத் தாழ்வாகத்தான் நுரையீரலின் பெரும்பகுதி இருக்கிறது. இதயம் இன்னும் கீழே, முன்னங்காலின் முழங்கை மட்டத்தை ஒட்டி. உயரமாகப் பட்டது திமில் தசையில் புதைந்து வீணாகும். பின்னால் தள்ளிப் பட்டது குடலைக் கிழிக்கும். நெற்றியோ கெட்டி எலும்பும் அடர்ந்த சடைமயிரும் சேர்ந்த கவசம். எந்த ஆயுதமானாலும் பாதுகாப்பான இலக்கு மார்புக்கூட்டின் தாழ்ந்த பாதிதான். பைசனின் இரு நுரையீரல்களும் முழுதாகப் பிரிந்த அறைகளில் இல்லாததால் ஒரே துளையில் இரண்டும் சுருங்கிவிடும் என்று மருத்துவ நூல்கள் சொல்வதுண்டு. மனிதரில் அரிதாக நேரும் அதே நிலையை மருத்துவர்கள் ‘எருமை மார்பு’ என்று குறிப்பிடுகிறார்கள்.

அம்புக்காரன் இந்த மார்புக்கூட்டுக்குப் பின்பக்க வழியைத் தேர்ந்தான். அவனுடைய வில் ஒரு மீட்டரை ஒட்டிய குட்டை வில். குதிரையின் கழுத்துக்கு இரு பக்கமும் தடையின்றித் திருப்பக்கூடியது. ஓசேஜ் ஆரஞ்சு, ஆஷ் போன்ற மரங்களில் செய்து, முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டி வலுவேற்றியிருப்பார்கள். கல் முனைகளின் இடத்தை, வணிகர்களிடமிருந்து வந்த இரும்பு முனைகள் நாளடைவில் பிடித்தன. 1830-களில் இந்த வேட்டையை நேரில் பார்த்து வரைந்த ஓவியர் ஜார்ஜ் கேட்லின், வேட்டைக்காரன் விலங்கின் வலப்பக்கமாக நெருங்கி, தன் இடப்பக்கம் நோக்கி எய்ததைப் பதிவுசெய்திருக்கிறார். கடைசி விலா எலும்புக்குப் பின்னாலுள்ள மென்மையான இடத்தில் நுழைந்து, முன்னோக்கிச் சரிவாகப் போகும் அம்பு, விலா எலும்பில் முட்டாமல் நுரையீரலை அடையும். நாண் ஒலித்த கணமே விலகி ஓடக் குதிரையைப் பழக்கியிருப்பார்கள். அடிபட்ட காளை திரும்பிக் கொம்பை வீசும் என்பது அதற்கும் தெரியும்.

தோல் வேட்டைக்காரனின் கருவி 1870-களில் உருவான வணிகத்தோடு வந்தது. பைசன் தோலைத் தொழிற்சாலைத் தோலாகப் பதப்படுத்தும் முறை 1871 வாக்கில் கைகூடியது. 1872-இல் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்தது. ஷார்ப்ஸ் நிறுவனத்தின் .50-90 தோட்டா அதே காலத்தது. முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தின் நூறில் பங்குகளில். இரண்டாவது கருமருந்தின் எடை, கிரெயினில். ‘பிக் ஃபிஃப்டி’ என்று பேர் பெற்ற இந்தத் தோட்டாவில் சுமார் 30 கிராம் ஈயக் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் புறப்படும். இன்றைய ரைஃபிளோடு பார்த்தால் இது மெதுவானது. ஆனால் கனமான ஈயம் சிதறாமல், நேர்கோட்டில் ஆழமாகப் போகும். காலிக் கூடுகளைப் பொறுக்கிவந்து, இரவில் முகாமிலேயே ஈயம் வார்த்து மருந்து நிரப்பிக்கொள்வார்கள்.

இந்தக் குண்டும் நுரையீரலையே தேடியது. ஆனால் காரணம் நேரெதிர். இதயத்தில் அடிபட்ட பைசன் சாவதற்குமுன் நூறு மீட்டர்கூட ஓடும். அதைக் கண்டு மந்தையும் ஓடும். நுரையீரலில் அடிபட்டதோ மூக்கில் இரத்தம் கசிய, நின்ற இடத்திலேயே தள்ளாடிச் சரியும். மந்தையை நடத்திச் செல்லும் முதிய பசுவை முதலில் இப்படிச் சாய்த்தால், மற்றவை இரத்தத்தை முகர்ந்துகொண்டு அதையே சுற்றி நிற்கும். பிறகு எது நகரப் பார்க்கிறதோ அதைச் சுடுவது. ஃபிராங்க் மேயர் போன்ற தோல் வேட்டைக்காரர்கள் பின்னாளில் இதை ஒரு தொழிலாகவே விவரித்தார்கள்: ஒரு தோட்டாவின் செலவு, ஒரு தோலின் விலை, தோல் உரிப்பவனின் கூலி. எதிர்க்காற்றில் இருக்க வேண்டும், தூரம் வேண்டும், அவசரம் கூடாது. அவர்களை நிறுத்தியது பெரும்பாலும் சூடேறிய துப்பாக்கிக் குழலும் கருமருந்துக் கசடும்தான்.

அம்புக்காரனுக்கோ மந்தை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் எண்ணமே அவனுக்கு இல்லை. ஓடுகிற விலங்கின் மூச்சைப் பறிப்பதே அவன் கணக்கு. குழல்வாயில் மருந்தும் ரவையும் திணிக்கும் பழைய துப்பாக்கிகள் புல்வெளிக்கு வந்த பின்பும் அவன் வில்லைக் கைவிடாததற்கு இதுவே காரணம். ஓடும் குதிரையில் ஒருமுறை நிரப்பும் நேரத்தில் பல அம்புகளை எய்துவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு: அம்பில் எய்தவனின் அடையாளம் இருக்கும். வேட்டை முடிந்ததும் எந்த உடல் யாருடையது என்று அம்பே சொல்லிவிடும். குண்டால் அது முடியாது. அதே நேரம் அம்புக்கு ஒரு வரம்பும் இருந்தது. குதிரையின் மூச்சு, கூட்டில் உள்ள அம்புகள், பெண்கள் உரித்து, அறுத்து, உலர்த்தக்கூடிய இறைச்சியின் அளவு என்று எல்லாம் சேர்ந்து வேட்டைக்கு எல்லை போட்டன. ஈயக் குண்டின் பின்னால் ரயில் பெட்டிகள் இருந்தன. அதற்கு வயிறு நிரம்பவே இல்லை. தென் மந்தை 1870-களின் இறுதியிலும், வட மந்தை 1883-ஐ ஒட்டியும் முடிந்துபோயின. 1889-இல் வில்லியம் ஹார்னடே வெளியிட்ட அறிக்கை வட அமெரிக்கா முழுவதும் 1,091 பைசன்களையே கணக்குக் காட்டியது.

இன்று அலாஸ்கா முதலிய இடங்களில் அனுமதிச் சீட்டோடு பைசன் வேட்டை நடக்கிறது. அலாஸ்காவின் பொது விதிப்படி, ரைஃபிள் குறைந்தது 200 கிரெயின், அதாவது 13 கிராம் குண்டைச் சுட வேண்டும். 100 கெஜம் கடந்த பின்னும் அதில் 2,000 அடி-பவுண்டு ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். 30 கிராம் குண்டிட்ட பிக் ஃபிஃப்டி குழலைவிட்டுப் புறப்படும்போதே அந்த அளவை ஒட்டித்தான் இருந்தது. 100 கெஜத்தில் இந்தத் தேர்வில் தேறாது. 50 பவுண்டு இழுவிசை உள்ள வில்லை அதே விதிகள் ஏற்கின்றன. அதன் அம்பிலோ அந்த ஆற்றலில் மிகச் சிறு பங்கே இருக்கும். ஆற்றல் எண் வேகமான, மெல்லிய குண்டுகளுக்குத் தேவைப்படும் காப்பு. கொல்வது ஆழமும் இடமும்தான்.

குண்டின் பொருளும் மாறிவருகிறது. வேகமாகப் போகும் மென்னுனி ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும். விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கு அந்தத் துகள்கள் நஞ்சு. செப்புக் குண்டு முனை விரிந்தும் உடையாமல் ஊடுருவும். ஆனால் மறுபக்கம் வெளியேறவும் வல்லது என்பதால், பின்னால் வேறு பைசன் நிற்கிறதா என்று பார்க்காமல் விசையை அழுத்தக் கூடாது.

இன்றைய வேட்டைக்காரன் கையில் இருப்பது தோல் வியாபாரியின் பரம்பரையில் வந்த ஆயுதம். அவன் சீட்டில் எழுதியிருப்பதோ ஒரே விலங்கு. மந்தையை நிறுத்திவைக்கும் தேவை அவனுக்கில்லை. ஒன்றை விரைவாகச் சாய்த்தால் போதும். எனவே அவன் தொலைவை ஷார்ப்ஸ் ரைஃபிளிடமிருந்து கற்காமல், நெருக்கத்தை வில்லிடமிருந்து கற்பதே முறை. முன்னங்காலை ஒட்டிப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வழி திறக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவனுக்கு எந்தத் தோட்டாவும் போதுமானதில்லை.