நாற்றம் தேடிய கதை

ஜவ்வாது என்பது அரபு வழி வந்த சொல். புனுகுப் பூனையின் வால் அடியில் சுரக்கும் பிசினை அரபியர் 'ஸபாத்' என்றார்கள். அந்தச் சொல் மேற்கே போய் ஆங்கிலத்தில் 'சிவெட்' ஆயிற்று. கிழக்கே வந்து நம்மிடம் சவாது என்றும் ஜவ்வாது என்றும் வழங்கலாயிற்று. திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்திற்குப் பின் வேங்கடவனுக்குச் சாத்தப்படுவதும் இந்தப் புனுகுதான். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு இடையே கிடக்கும் ஒரு மலைத்தொடர் இந்தப் பரிமளப் பொருளின் பெயரைத் தாங்கி நிற்பதும், அதன் காடுகளில் சந்தனம் விளைந்ததும் வாசனைப் பிரியர்களுக்கு இனிப்பான செய்திகள். நான் சொல்ல வந்தது அதன் மறுபக்கம். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவோ, போளூரிலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஒரு காருக்குள் துர்நாற்றம் எழுகிறது. அது எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் பூனையிடமே திரும்புவோம். கலப்பில்லாத புனுகை முகர்ந்தவர்கள் அதை நறுமணம் என்று சொல்ல மாட்டார்கள். மலத்தின் வாடைக்குக் காரணமான ஸ்கேட்டோல் என்ற பொருள் அதிலும் இருக்கிறது. பல மடங்கு நீர்த்த பிறகுதான் அது மணமாகிறது. மல்லிகையின் மணத்திலும் இண்டோல் உண்டு. அடர்த்தியாக இருந்தால் அதுவும் மூக்கைச் சுளிக்க வைப்பதே. புனுகின் முக்கிய மணப்பொருளான சிவெட்டோனின் மூலக்கூறு அமைப்பை 1926-இல் கண்டறிந்தவர் லியோபோல்ட் ருசிச்கா. பின்னர் 1939-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். ஆக, மணத்திற்கும் நாற்றத்திற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் அளவின் வேறுபாடு. தமிழ் மொழி இதை வேதியியலுக்கு முன்பே அறிந்திருந்தது போலும். வள்ளுவர் ஐம்புலன்களின் நுகர்ச்சியை எண்ணும்போது 'நாற்றம்' என்ற சொல்லை வசையாக ஆளவில்லை. ஆண்டாளும் பாஞ்சசன்னியத்திடம் மாதவனின் வாய் மணத்தைக் கேட்கையில் 'நாறு' என்ற வினையையே ஆள்கிறாள். இன்று அந்தச் சொல்லை யாரிடமாவது பாராட்டாகச் சொல்லிப் பாருங்கள்!

நாற்றத்தைத் தேடுவது ஒரு தொழிலாக உருவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அன்று மருத்துவர்கள் நம்பினார்கள். 1854-இல் ஜான் ஸ்நோ, காலரா குடிநீரின் வழியே வருகிறது என்று லண்டனின் பிராட் தெருக் குழாயைச் சுட்டிக்காட்டியபோது பலரும் ஏற்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே ஆட்டிப் படைத்தது. அதன் விளைவாக ஜோசப் பசால்கெட்டின் பெரும் கழிவுநீர்க் கால்வாய்கள் பிறந்தன. தவறான கோட்பாட்டிலிருந்து சரியான வேலை நடந்த அபூர்வமான உதாரணம் அது. வீட்டுக்குள் வரும் சாக்கடை வாயுவைக் கண்டு மக்கள் நடுங்கிய அக்காலத்தில், குழாய்ப் பணியாளர்கள் ஓர் அழகிய சோதனையைக் கையாண்டார்கள். கூரையின் மேலிருந்து ஒருவர் கழிவுக் குழாயில் பெப்பர்மின்ட் தைலத்தை ஊற்றுவார். பின்னாலேயே ஒரு வாளி வெந்நீர். வீட்டுக்குள் இன்னொருவர் அறை அறையாக முகர்ந்துகொண்டே வருவார். பெப்பர்மின்ட் வாசனை எங்கே எழுகிறதோ அங்கே குழாயில் விரிசல். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவர் உடம்பிலும் உடையிலும் ஒட்டிய வாசனை எல்லா அறைகளையும் குற்றவாளி ஆக்கிவிடும்.

இந்த விதி காருக்கு அப்படியே பொருந்தும். தன் காரின் நாற்றத்தைக் கண்டுபிடிக்க மிகவும் தகுதியற்றவர் அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்தான். ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-இல் முகர்வு ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்து, 2004-இல் நோபல் பெற்றார்கள். மனிதனுக்குச் செயல்படும் நிலையில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன என்பது இன்றைய கணக்கு. இத்தனை இருந்தும், பழகிய வாடைக்கு அவை மௌனம் சாதிக்கும். எனவே காரை வெயிலில் கண்ணாடி ஏற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, வெளிக்காற்றில் உலாவி வந்த வேறொருவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து முகர்வதே முறை. சாம்பிராணியோ, ஜவ்வாதுப் பொடியோ, கண்ணாடியில் தொங்கும் வாசனைப் புட்டியோ முதலில் அகற்றப்பட வேண்டும். கூரை மேல் நின்ற பணியாளரின் நிலைதான் அவற்றுக்கும்.

அம்பாசிடர் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை என்று தோன்றுகிறது. 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியில் இடுக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. நாற்றம் வந்த வழியே போய்விடும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே குளிர்காற்றைச் சுழலவிடும் பழக்கம் வந்த பிறகே கார் ஒரு மூடிய ஜாடி ஆனது. அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1939-இல் குளிர்சாதன வசதியுள்ள காரைக் காட்சிக்கு வைத்தது. நம் நாட்டில் அது நடுத்தரக் குடும்பத்தை எட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஏசி போட்டதும் பழைய காலுறை வாடை அடித்தால், குற்றவாளி டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. மெக்கானிக்குகள் 'கூலிங் காயில்' என்று அழைக்கும் சுருளின் மீது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து, ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். தூசியும் இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் திருவிழா. குழாயை ஊதிச் சுத்தம் செய்வதும், ஏசி ஃபில்டரை மாற்றுவதும், இறங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஏசியை நிறுத்தி வெறும் விசிறியை ஓடவிட்டுச் சுருளை உலர்த்துவதும் இதற்கான வைத்தியம். வாசனைத் தெளிப்பான் வைத்தியம் ஆகாது. கரி அடுக்கு கொண்ட ஃபில்டர்கள் இப்போது கிடைக்கின்றன. முதல் உலகப் போரின் நச்சுவாயு முகமூடிகளுக்கு உள்ளே இருந்த அதே கரிதான். போர்க்களத்தில் உயிர் காத்தது இங்கே மூக்கைக் காக்கிறது.

மலைச்சாலை தனக்கென்று சில நாற்றங்களை வைத்திருக்கிறது. இறக்கத்தில் கருகல் வாடை வந்தால் பிரேக் கொதிக்கிறது. கீழ் கியருக்கு மாறி, நிறுத்தி ஆறவிட வேண்டும். ஏற்றத்தில் வந்தால் பெரும்பாலும் கிளட்ச். அழுகிய முட்டை வாடையோடு பேட்டரி சுட்டால் அது அளவு மீறி மின்னேறுகிறது; உடனே கவனிக்க வேண்டியது. இனிப்பான ஒரு வாடை வந்து கண்ணாடியும் மங்கினால் எஞ்சின் குளிர்நீர் உள்ளே கசிகிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பலாவை டிக்கியில் ஏற்றி வந்து இரண்டு நாள் மறந்தவர்களுக்கு வரும் புளித்த கள் வாடையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பாலும் எலியும் தனி அத்தியாயங்கள். மேட்டுக்கு அடியில் உள்ள பஞ்சில் பால் ஊறினால், அதன் கொழுப்பு சிதைந்து பியூட்டிரிக் அமிலம் உண்டாகும். வெண்ணெயிலிருந்து இதைப் பிரித்தறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல். 1823-இல் நூலாகவே எழுதினார். அமிலம் என்பதால் ஆப்ப சோடா அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். செத்த எலியின் கதை வேறு. 1885-இல் பெர்லினில் லுட்விக் பிரீகர் அழுகும் உடல்களிலிருந்து பிரித்துப் பெயரிட்ட புட்ரெசின், கடாவெரின் ஆகியவை காரத்தன்மை கொண்டவை. மீனில் எலுமிச்சையைப் பிழியும் நம் பாட்டிமார்களின் அறிவு இங்கே செல்லுபடியாகும். காரத்தை அடக்க அமிலம் வேண்டும். ஆனால் உடலை எடுக்காமல் எந்த எலுமிச்சையும் பயன்படாது. இருக்கைக்கு அடியில், ஸ்டெப்னிக் குழியில், விசிறிப் பெட்டியில் தேட வேண்டும். ஈக்கள் வழி காட்டும்.

விலங்குகள் வழிகாட்டுவது புதிதல்ல. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பின்னரே எரிவாயுவில் நாற்றப்பொருள் சேர்ப்பது அங்கே சட்டமாயிற்று. நம் சமையலறை சிலிண்டரில் அடிக்கும் வாடையும் வேண்டுமென்றே சேர்க்கப்படும் மெர்காப்டன்தான். அது அழுகும் பிணத்திலும் எழுவதால், கலிபோர்னியாவில் குழாய்க் கசிவின் மேல் 'டர்க்கி வல்ச்சர்' என்னும் பிணந்தின்னிகள் வட்டமிட, பொறியாளர்கள் அவற்றைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தார்கள். (நம் ஊர்க் கழுகுகள் கண்ணை நம்புபவை, இந்த வேலைக்கு உதவா.) நாற்றம் சில நேரங்களில் கருணை. காருக்குள் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்தக் கருணை கிடையாது. மூடிய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் மூக்கால் எச்சரிக்கப்படாமலே இறந்திருக்கிறார்கள்.

இனி ஜவ்வாது மலையின் சொந்த மரத்திற்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கி, சந்தனம் அரசின் கண்காணிப்பில் இருந்துவந்தது. மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு அமைந்தது. சந்தனக் கட்டையை வண்டியில் ஒளிப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வயிரம் பாய்ந்த கட்டை, புதிதாக அறுபட்டால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். செம்மரம் அப்படியல்ல. பெயரில் சந்தனம் ஒட்டியிருந்தாலும் அதற்குச் சந்தனத்தின் மணம் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது; சீனத்து மரச்சாமான்களுக்கும் ஜப்பானிய இசைக்கருவிகளுக்கும் தேவைப்படுவது. பயிற்சி பெற்ற மோப்ப நாய்களால் அதைக் கண்டுபிடிக்க முடியும். மனித மூக்கு எத்தனை டிக்கிகளைத் திறந்து முகர்ந்தாலும் பயனில்லை.

ஆகவே வண்டிகளில் மரத்தைத் தேடுவதை விட மனிதர்களைத் தேடுவது எளிதாகிப் போனது. 2015 ஏப்ரல் 7 அன்று, புனுகு மணக்கும் திருமலையை உள்ளடக்கிய அதே சேஷாசலம் காட்டில், ஆந்திரச் சிறப்புக் காவல் படை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. மரம் வெட்டியவர்கள் கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் சுட்டோம் என்றது காவல் துறை. முந்தைய நாளே பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று, தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். தன்னோடு வந்தவர்கள் பேருந்திலிருந்து இறக்கப்பட்டபோது தான் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், கணவன் மனைவி என்று எண்ணித் தன்னை விட்டுவிட்டதாகவும் அவர்களில் ஒருவர் சொன்னது அப்போதைய நாளிதழ்களில் வந்தது.