‘சமூகக் காரணம்’: ஒரு சொல்லின் சரித்திரம்

அரசாங்கப் பதிவேடுகளின் மொழியை யாரும் மொழியாக எடுத்துக்கொள்வதில்லை. இலக்கிய விமர்சகன் அதைத் தொடுவதில்லை. சமூக விஞ்ஞானி அதிலுள்ள எண்ணை எடுத்துக்கொண்டு சொல்லை உதறிவிடுகிறான். ஆனால் தமிழ் நாட்டில் 1990களின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் ஒரு சொல் இருந்தது. எந்தக் கவிதையிலும் வராத அளவு கனமுள்ள சொல். குழந்தை மரணத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் அது வரும். நிமோனியா, வயிற்றுப்போக்கு, குறைப்பிரசவம் என்ற வரிசையில் அதுவும் ஒரு நோய்போல உட்கார்ந்திருக்கும்: ‘சமூகக் காரணம்’. பிறந்த பெண் குழந்தை வீட்டாராலேயே கொல்லப்பட்டது என்பது அதன் பொருள். தர்மபுரி, சேலம், மதுரை வட்டாரங்களில் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பொருள் தெரியும்.

இதைப் பூசி மெழுகல் என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். பூசி மெழுகல்தான். ஆனால் தர்மபுரியில் நடந்ததைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தப் பூசி மெழுகலின் வழியாகத்தான் வெளியே வந்தது. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய சொல்லுக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை. இந்த முரணை விளங்கிக்கொள்ளாமல் குழந்தைகளையும் குடும்பங்களையும் பற்றிய நம் சமூக ஆராய்ச்சியின் சரித்திரத்தை எழுத முடியாது.

2

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். பள்ளிக்கூடம் நம்மை நெல்லிக்கனியோடு நிறுத்திவிடுகிறது. புறநானூற்றின் நூறாவது பாட்டு வேறொன்றைச் சொல்கிறது. அதியமான் தனக்குப் பிறந்த மகனைக் காண வந்த கோலத்தை ஔவையார் பாடியது அது. போர்க்கோலத்தோடு வந்தவனின் கண்சிவப்பு, மகனைப் பார்த்த பிறகும் மாறவில்லை என்பது செய்தி. தகடூரிலிருந்து நமக்குக் கிடைக்கும் பிறப்புச் சாசனம் இது. பிறந்தது ஆண், பதிந்தவர் பெண். இதை வைத்துக்கொண்டு சங்க காலத்தில் பெண் சிசுக்கொலை இருந்தது என்று முடிவுகட்டுவது அபத்தம். சொல்ல வருவது இவ்வளவுதான்: எந்தப் பிறப்பு பதிவுக்கு உரியது என்ற தேர்வு பதிவேட்டுக்கு முந்தியது.

வெள்ளைக்காரன் இந்தப் பிரச்னையை வடக்கே கண்டான். 1789ல் காசிப் பிரதேசத்தில் ஜோனதன் டங்கன் ராஜகுமாரர்கள் என்ற ராஜபுத்திரப் பிரிவினரிடையே கண்டு எழுதியதிலிருந்து அந்தச் சரித்திரம் தொடங்குகிறது. 1870ல் பெண் சிசுக்கொலைத் தடைச் சட்டம் வந்தது. சந்தேகத்துக்குரிய குலங்களைப் பட்டியலிட்டு, வீடு வீடாகப் பிறப்பையும் இறப்பையும் கண்காணிக்க வழி செய்த சட்டம் அது. வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் பகுதிகளே அதன் குறி. சென்னை மாகாணம் கணக்கில் இல்லை. இங்கே எண்ணும் வேறு கதை சொன்னது: 1901 ஜனக்கணக்கில், இன்றைய தமிழ் நாட்டின் எல்லைக்குள் ஆயிரம் ஆண்களுக்கு 1044 பெண்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் போய்விட்டதும் அந்த எண்ணுக்குள் இருந்தது. 1991ல் அது 974 ஆனது. இந்த இறக்கத்தை வெகுகாலம் யாரும் வாசிக்கவில்லை. ‘அது வடநாட்டுச் சமாசாரம்’ என்ற நம்பிக்கை நமக்குச் சௌகரியமாக இருந்தது.

பதிவு எந்திரமும் அதற்கு ஒத்தாசை செய்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ல் வந்துவிட்டது. கிராமத்தில் கணக்கை வைத்திருந்தவர் 1980வரை கர்ணம். பிறகு கிராம நிர்வாக அலுவலர். வீட்டில் பிறந்து, பெயர் வைக்குமுன் வீட்டிலேயே இறந்துபோகும் குழந்தைக்குப் பிறப்பும் பதிவாவதில்லை, இறப்பும் பதிவாவதில்லை. காகிதத்தைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

3

1986ல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டியைப் பற்றி எழுதியது. அதற்குப் பிறகு தமிழ் நாடு இந்த விஷயத்தைப் பேசத் தொடங்கியது. பேசிய விதம்தான் கோளாறு. உசிலம்பட்டி ஒரு வசைச்சொல்லாக மாறியது. ஒரு ஊர், ஒரு சாதி என்று வேலி கட்டிவிட்டால் வேலிக்கு வெளியே இருப்பவன் நிம்மதியாகத் தூங்கலாம். 1870ம் வருஷத்துச் சட்டத்தின் சிந்தனைதான் இதுவும்: குற்றம் ஒரு குலத்தின் குணம்.

இந்த வேலியை உடைத்தது ஒரு தற்செயல். வட ஆற்காட்டில் கே.வி. குப்பம் பகுதியின் 12 கிராமங்களில் சாபு ஜார்ஜும் அவரோடு வேலை செய்தவர்களும் குழந்தைகளின் எடையையும் வளர்ச்சியையும் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தார்கள். ஊட்டச்சத்து ஆராய்ச்சி, கொலையைத் தேடி அவர்கள் போகவில்லை. ஆனால் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் விடாமல் கணக்கில் வைத்ததால், எடை போட வேண்டிய குழந்தை இல்லாமல் போனபோது அந்த இல்லாமையும் கணக்கில் ஏறியது. அவர்கள் 1992ல் வெளியிட்ட கட்டுரை, 12 கிராமங்களில் ஒரு பகுதியில் பெண் சிசுக்கொலை நடந்ததையும் மற்றவற்றில் இல்லாததையும் காட்டியது. உசிலம்பட்டியிலிருந்து வெகு தூரம், சாதியும் வேறு. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளேயே ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. குலத்தின் குணம் என்ற விளக்கம் இதற்குமுன் நிற்காது.

தர்மபுரி வெளிச்சத்துக்கு வந்தது பதிவேடுகளின் வழியாக. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் 1997ல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கைத் திரட்டி மாநிலத்தின் படத்தை வரைந்தது. ஒருவர் ஆட்சிப் பணியில் இருந்தவர், மற்றவர் பொருளாதார அறிஞர். மதுரை வட்டாரத்திலிருந்து திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வட ஆற்காடு நோக்கிப் போகும் ஒரு பட்டை அந்தப் படத்தில் தெரிந்தது. பல சாதிகள், பலவிதமான நிலங்கள், பட்டை ஒன்று. அதில் தர்மபுரி முன்வரிசையில் இருந்தது.

கணக்கிட்ட முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. இயற்கையில் ஆண் சிசுவே பலவீனமானது. பிறந்த முதல் வாரத்தில் பெண்ணைவிட ஆண் குழந்தைகளே அதிகம் இறக்கின்றன. ஒரு வட்டாரத்தில் இது தலைகீழானால், முதல் சில நாட்களிலேயே பெண் குழந்தைகள் கூடுதலாக இறந்தால், அங்கே நோயைத் தவிர வேறொன்று வேலை செய்கிறது. பிறப்பு வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. முதல் பெண் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆபத்து இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கு. ஆகவே இது வெறுப்பின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. குடும்பம் ஒரு கணக்குப் போடுகிறது. பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த சாதிகளுக்குள் வரதட்சணை புகுந்த பிறகு, மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பம் போட்ட கணக்கு அது. சிறு குடும்பமே சீரான வாழ்வு என்ற அரசாங்கப் போதனையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் இரண்டு போதும், அதில் ஒன்றாவது ஆணாக வேண்டும் என்றால் கழிக்கப்படுவது எது?

4

இனி அந்தச் சொல். எழுதியவர் யார்? கிராம சுகாதார செவிலியர். துணை சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு, கர்ப்பிணிகளைப் பதிந்து, தடுப்பூசி போட்டு, அதே தெருக்களில் தினமும் நடப்பவர். ‘கொலை’ என்று எழுதினால் காகிதம் போலீசுக்குப் போக வேண்டும். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ம் பிரிவு கொலைக்கு. 318 குழந்தையின் உடலை ரகசியமாக மறைத்ததற்கு. 1990களில் அப்படிச் சில தாய்மார்கள் கைதானார்கள், தண்டனையும் பெற்றார்கள். தீர்மானம் எடுத்த வீடு வெளியே நின்றது. பிரசவித்த உடம்பு உள்ளே போனது. அடுத்த பிரசவத்துக்கு அந்த வீடு செவிலியருக்குத் திறக்காது. ‘நிமோனியா’ என்று எழுதினால் கதவு திறந்திருக்கும். ஆனால் அந்தச் சாவு நிரந்தரமாகப் பொய்யாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கு ‘சமூகக் காரணம்’. யாரையும் காட்டிக்கொடுக்காமல் நடந்ததைச் சொல்வதற்கு ஒரு கீழ்மட்ட ஊழியருக்கு இருந்த ஒரே வழி.

அதன் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் இல்லை. கொன்றவன் இல்லை, கொன்றவள் இல்லை. இறந்ததற்கும் பெயர் இல்லை. ‘பெண்’ என்பது மட்டும். ஆனாலும் அந்தச் சொல் முழுப்பொய் அல்ல. தாயைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றத்தைவிட, காரணம் சமூகம் என்று எழுதிய பதிவேடு உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘சமூகம்’ என்பதற்கு நடைமுறை அர்த்தம் சாதி. ‘அவர் எந்தச் சமூகம்?’ என்றுதான் நாகரிகமாகக் கேட்கிறோம். யார் யாருக்கு எவ்வளவு நகை, எத்தனை பவுன் என்று தீர்மானிக்கும் கல்யாணச் சந்தை அந்தச் சமூகத்துக்குள்தான் நடக்கிறது. செவிலியர் இதை நினைத்து எழுதியிருக்க வேண்டியதில்லை, மொழி நினைத்துக்கொண்டது.

இதே காலத்தில் இலக்கியம் என்ன செய்தது? மேடைக் கவிஞர்களுக்குக் ‘கள்ளிப்பால்’ என்ற படிமம் கிடைத்தது. கவியரங்குகளிலும் பட்டிமன்றங்களிலும் அது கைதட்டல் வாங்கியது. 1994ல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது, விருதும் பெற்றது. படிமம் கேட்பவனைக் கண்ணீர்விடவைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. கள்ளிச்செடியையும் கிழவியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, நகைக்கடையையும் பத்திரப்பதிவு ஆபீசையும் விட்டுவிடுகிறது. அலங்காரமற்ற பதிவேட்டுச் சொல் அந்தச் சலுகையைத் தரவில்லை. தர்மபுரி கிராமங்களில் 1990களின் பிற்பகுதியில் நடந்த கலைப்பயணம் இதற்கு விலக்கு. அங்கே கேட்டவர்கள் வேற்றூர் ரசிகர்கள் அல்ல, அந்தந்தத் தெருக்காரர்களே.

5

அரசு 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001ல் அது தர்மபுரிக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல்லுக்கும் வந்தது. வேண்டாத குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போடு. பெயர் சொல்ல வேண்டாம். உயிர் பிழைத்தன, அதில் சந்தேகமில்லை. பிழைத்த உயிரை எந்த விமர்சனமும் குறைக்க முடியாது. ஆனால் இதிலும் எழுவாய் இல்லை. பெண்ணை வேண்டாமென்று சொல்லும் உரிமையைக் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, விளைவை மட்டும் அரசு வாங்கிக்கொண்டது. பெண்கள் அமைப்புகள் அன்றே இதைச் சுட்டிக்காட்டின.

2001 ஜனக்கணக்கில், இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826. மாநிலத்தின் சராசரி 942. 2011ல் தர்மபுரி 910ஐத் தாண்டியது. பெரிய மாற்றம். பத்து வருஷத்தில் அத்தனை பெண் குழந்தைகள் கூடுதலாக உயிரோடு நடமாடின. இதற்குச் செவிலியர்களும் கலைஞர்களும் காரணம், தொட்டிலும் ஒரு காரணம். இயற்கையாகப் பிறக்கும் விகிதம் 950ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்கும் 910க்கும் நடுவில் இன்னும் ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் இருப்பது என்ன? கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994ல் இயற்றப்பட்டு 1996ல் நடைமுறைக்கு வந்தது. 2022லும் தர்மபுரியில் வீட்டுக்குள் ஸ்கேன் இயந்திரம் வைத்து ஆணா பெண்ணா என்று சொன்ன கும்பல் கைதானது. ஷாரதா சீனிவாசனும் அர்ஜுன் பேடியும் தமிழ் நாட்டைப் பற்றி எழுதியபோது இரண்டு விகிதங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது: பிறக்கும்போதுள்ள ஆண் பெண் விகிதம் ஒன்று, பிறந்த பின் இறக்கும் விகிதம் இன்னொன்று. இரண்டாவது குறையும்போது முதலாவதைப் பார்க்கத் தவறினால் நாம் ஏமாந்துபோவோம்.

பிறந்த குழந்தைக்கு ஒரு பத்தியாவது இருந்தது. பிறக்காததற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. கருக்கலைப்புக்குக் காரணம் எழுதுகிறவர் ‘சமூகக் காரணம்’ என்று எழுதப்போவதில்லை. அந்தச் சொல் பதிவேட்டிலிருந்து மறைவது கொலை நின்றதற்கும் அடையாளமாகலாம், சாட்சி போனதற்கும் அடையாளமாகலாம். எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க, தெருவில் நடந்து ஒவ்வொரு பிறப்பையும் கணக்கில் வைக்கும் அந்தச் செவிலியரின் நோட்டைத் தவிர நமக்கு வேறு நூல் கிடையாது. அதை வாசிக்கப் பழகுவது விமர்சகனுக்கும் வேலைதான்.